ஏழாம் எண் வீடு நின்ற இடங்கள்

இதை எனக்குச் சொன்னவர் தவமணி. சொல்லிப் பதினோரு வருடம் ஆகிறது, அந்தப் பதினோரு வருடமும் நான் இதைச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். முதலில் அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு, இதில் பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லையே என்று நினைத்தேன். அதற்கும் பிறகு, ஆதாயம் எனக்குத்தான் இருக்கிறது, நம்பினால் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும், அதனாலேயே நான் இதை நம்பக்கூடாது என்று நினைத்தேன். எங்கள் காலனியில் இதை நம்பாதவன் நான் ஒருவன்தான். மற்ற அறுபத்து மூன்று வீடுகளில் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும், "ஆமா, வீடு நகந்துச்சு, அதுக்கென்ன இப்போ?" என்பார்கள், போன ஐப்பசியில் மழை பெய்தது என்று சொல்வதைப் போல. ஆனால் அவர்கள் அங்கே இருந்தார்கள். நான் இல்லை.

சாத்தூருக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரையில் குடிசை போட்டிருந்த எங்களை எழுப்பி, மூன்று மைல் தள்ளிக் கரிசல் காட்டுக்குள் வாரியம் கட்டிய வீடுகளுக்கு அனுப்பினார்கள். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு வீடு. எல்லாம் ஒரே அச்சு: ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, ஒரு ஜன்னல், ஒரு பச்சைக் கதவு. கிழக்கே மேட்டில் தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் மூன்று குழாய். மேற்கே பள்ளத்தில் ஜல்லி உடைக்கிற குவாரி. தொட்டிப் பக்கம் வீடு கிடைத்தவருக்குக் குடம் எடுக்கப் பத்துக் காலடி, குவாரிப் பக்கம் கிடைத்தவருக்கு நானூறு காலடி. அத்தோடு கிரஷர் ஓடுகிற பகல் முழுக்கச் சோற்றிலும் தலையணையிலும் வெள்ளைத் தூசி. யாருக்கு எந்த வீடு என்பதற்குக் குலுக்கல் வைத்தார்கள். பள்ளிக்கூட வராந்தாவில் சிவப்பு பிளாஸ்டிக் குடம் ஒன்றில் சுருட்டிய சீட்டுகளைப் போட்டு, வீட்டுக்கு ஒருவராகக் கையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்த சீட்டை அதிகாரி நோட்டில் ஏற்றுவதற்குள், இரண்டு பேர் மனமொத்தால் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

என் கைக்கு வந்தது ஏழு. சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில் ஏழு என்பது முதல் வரிசை, தொட்டிக்கு நேர் கீழே. தவமணிக்கு வந்தது அறுபத்து நான்கு. கடைசி வரிசையில் கடைசி.

ஒன்பதாம் நாள் நான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டேன். சாவி கொடுத்தது அதற்கும் பிறகு. கிளம்புமுன் என் வீட்டை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் எண் எழுதாமல், பூச்சு காயாமல், அறுபத்து நான்கும் ஒன்றைப்போல் ஒன்று நிற்கிறபோது. ஏழு எது என்று கொத்தனாரிடம் கேட்டேன். அவர் கரண்டி பிடித்த கையாலேயே தூரத்தில் எதையோ காட்டினார். நான் தலையாட்டினேன். அந்தக் கரண்டி எந்தப் பக்கம் நீண்டது என்று இன்றைக்கும் படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். சில நாள் அது கிழக்கே நீள்கிறது. சில நாள் மேற்கே.

இனி வருவது தவமணி சொன்னது.

தவமணி வீட்டு முன்னறையில் டைப்பிங்கும் ஜெராக்ஸும் போட்டிருந்தார். ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. குவாரி ஓரத்துக்கு ஜெராக்ஸ் எடுக்க யார் வருவார்கள்? அதனால் அவர் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடினார். திரையில் ஓர் உலகம் வரும். அதில் எங்கோ ஓர் இடத்தில் நாலு ஆட்களையும் ஒரு வண்டியையும் இறக்கிவிட்டுவிடும். அங்கிருந்து கிணறு வெட்டி, வயல் வைத்து, ஊர் கட்டி, படை சேர்த்து, எதிரிகள் வருமுன் ராஜ்யமாக வேண்டும். எங்கே இறக்கிவிடும் என்பது கம்ப்யூட்டரின் இஷ்டம். ஒரு தடவை ஆற்றங்கரையில், கோதுமையும் குதிரையும் பக்கத்தில். ஒரு தடவை பனிக்கட்டி மேல். ஒரு தடவை பாலைவனத்தில், சுற்றிலும் மணல், நாலு ஆட்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு. தவமணிக்கு எப்போதும் பனிக்கட்டியோ பாலைவனமோதான். "சீ, இது ஒரு இடமா" என்று அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். மறுபடியும் மணல். மறுபடியும் அழிப்பார். அவர் அந்த விளையாட்டை விளையாடியதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தொடங்கினார், தொடங்கினார், தொடங்கிக்கொண்டே இருந்தார்.

அவர் மனைவி பாக்கியத்தாய்க்கு இளைப்பு. கண்மாய்க்கரையில் இருந்தபோது மார்கழிக்கு மட்டும் வந்தது, குவாரி ஓரத்துக்கு வந்த மூன்று மாதத்தில் நித்தம் வந்தது. உள்ளறையில் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, தலையணையை மடியில் வைத்து, குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுப்பார். அந்தச் சத்தம் முன்னறைக்குக் கேட்கும்.

"என்னத்தத்தான் அதுல நோண்டுதீக நாள் பூரா?"

"நல்ல இடமா தேடுதேன்."

"அந்தப் பெட்டிக்குள்ள நல்ல இடம் கெடச்சு, நாம போயிப் படுக்கவா போறோம்?"

அது தினமும் எட்டு மணி நேரம் கரண்ட் போன காலம். பகலில் பதினொரு மணிக்குத்தான் வரும். ஒரு புரட்டாசிச் செவ்வாயன்று பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது. தவமணி விளையாட்டைப் போட்டார். பாறை, கள்ளிச்செடி, தண்ணீர் இல்லை. அழித்தார். புதிது என்ற இடத்தில் அழுத்தினார். டீ கிளாஸை மேஜையில் ஒரு விரலால் தள்ளினால் எப்படி நகருமோ அப்படி வீடு நகர்ந்தது. அடுப்பில் இருந்த குழம்பு சிந்தவில்லை. சுவரில் இருந்த பல்லி கையை எடுக்கவில்லை. ஜன்னல் வழியே விழுந்த வெயில் மட்டும் வடக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்குப் போனது. அறுபத்து நான்கு வீடுகளும் ஒரே நேரத்தில் இடம் மாறி, மீண்டும் எட்டு வரிசையாக நின்றன.

மூன்றாம் வரிசையில் இருந்த சீனியம்மாள் உலையில் அரிசி போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்திருக்கிறாள். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவள் நாத்தனார் மாரிக்கனியின் முகம் எதிர் ஜன்னலில் இருந்ததாம்.

"என்ன, நீ இங்க வந்திருக்க?"

"நான் எங்க வந்தேன்? நீதான் வந்திருக்க."

அவ்வளவுதான் அன்றைக்கு நடந்த அதிசயப் பேச்சு. அதற்குள் தவமணி மறுபடியும் அழுத்த, வீடுகள் மறுபடியும் நகர்ந்தன. மூன்றாவது தடவை நகர்ந்தபோது சீனியம்மாள் அகப்பையும் கையுமாக வெளியே வந்து, எந்த வீட்டிலிருந்து கிளிக்கு கிளிக்கு என்று சத்தம் வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, வாசலில் நின்று சொன்னாள்: "தவமணியண்ணே, ஒலை கொதிக்குது. நகத்துறதுன்னா நகத்திக்கிடுங்க, ஒரு நாளைக்கு ஒரு தடவதான். சும்மா சும்மா போட்டு உருட்டுனா பொழப்பப் பாக்க வேண்டாமா?"

அதுவே சட்டமாயிற்று. தினமும் பதினொரு மணிக்கு, கரண்ட் வந்ததும், ஒரு தடவை. ஏன் நகர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கண்மாய்க்கரையிலிருந்து எங்களை ஏன் எழுப்பினார்கள் என்று கேட்டபோதும் ஒருவரும் பதில் சொல்லியிருக்கவில்லை. ஒரு தடவை நகர்த்தப்பட்டவர்களுக்கு இன்னொரு தடவை நகர்வது பெரிய காரியமாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

காலனி வாசலில் ரோட்டோரமாக இருந்த கொண்டல்சாமியின் டீக்கடை மட்டும் நகரவில்லை, அது வாரியக் கணக்கில் சேர்த்தியில்லை. அதனால் கொண்டல்சாமி ஒரு சிலேட்டுப் பலகையை வாங்கி எட்டுக்கு எட்டாகக் கட்டம் போட்டு, பதினொன்றே காலுக்கு ஒரு சுற்று நடந்து பார்த்து, எந்தக் கட்டத்தில் எந்த வீடு என்று சாக்பீஸால் எழுதி வைத்தார். தீப்பெட்டி ஆபீஸ் வேன் சாயங்காலம் வந்து நிற்கும், வேலை முடிந்த பெண்கள் இறங்கி நேரே சிலேட்டுக்கு வருவார்கள். "எங்க வீடு எங்கண்ணே?" "அஞ்சாவது வரிசை, ரெண்டு." "போச்சு, போ." தபால்காரர் காலனிக்குள் வருவதையே விட்டுவிட்டு எல்லாக் கடிதங்களையும் டீக்கடையில் கொடுத்தார். பார்த்ததும் கேட்கிற கேள்வி "சாப்பிட்டாச்சா" என்பது போய் "இன்னிக்கு எந்த எடம்?" என்று ஆனது. வீட்டுக்கு வீடு கட்டியிருந்த துணிக்கொடிகள் முதல் நாளே அறுந்துபோக, அதன்பின் எல்லோரும் தங்கள் கதவிலிருந்து தங்கள் ஜன்னலுக்கே கொடி கட்டினார்கள். கோழிகள் வீட்டோடு போயின. நாய்கள் இடத்தோடு தங்கின, அதனால் ஒவ்வொரு நாய்க்கும் தினம் ஒரு சொந்தக்காரர் வந்தார், காலனியில் எந்த நாயும் யாரையும் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டது. சீனியம்மாளும் மாரிக்கனியும் எதிரெதிரே வருகிற நாள் பேசிக்கொண்டார்கள், தள்ளிப்போகிற நாள் மறுபடி சண்டையானார்கள்.

இதற்கு மேல் தவமணி சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாதது. பத்து நாள் போனபிறகு காலனி மாறத் தொடங்கியது என்றார். நேற்று தொட்டியடியில் இருந்தவள் இன்று குவாரி ஓரத்தில் இருந்தாள், இன்று குவாரி ஓரத்தில் இருப்பவள் நாளை எங்கிருப்பாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் குழாயடியில் வரிசை வந்தது. குழாய் பக்கத்து வீட்டுக்காரி கடைசி வரிசைக்காரிக்கு வழிவிட்டாள், நாளைக்குத் தானே கடைசி வரிசையாகலாம் என்று. எச்சில் தண்ணீரை அடுத்த வாசலில் வீசுவது நின்றது. ஆண்கள் சேர்ந்து தொட்டியிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் ஒரு ரப்பர் குழாயை இழுத்தார்கள். மேற்கு ஓரத்தில் கம்பு நட்டுப் பழைய சாக்கும் பச்சை வலையும் சேர்த்துத் தைத்து, முந்நூறு அடி நீளத்துக்கு ஒரு திரை கட்டினார்கள். அது கிழிந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் எந்த வீடு நிற்கிறதோ அவர்கள் மட்டும் தைக்கவில்லை, பார்த்தவர்கள் எல்லாரும் தைத்தார்கள். கிரஷரைப் பகலில் நாலு மணி நேரம் நிறுத்தச் சொல்லி அறுபத்து நான்கு வீட்டாரும் ஒன்றாகப் போய்க் குவாரி வாசலில் உட்கார, அவர்களும் நிறுத்தினார்கள்.

"அந்த நாப்பத்தி மூணு நாளும் நாங்க மனுசனா இருந்தோம் பேச்சி" என்றார் தவமணி. பேச்சி என்பது நான், பேச்சிமுத்து.

அந்த நாற்பத்து மூன்று நாளில் நான் வெள்ளிக்கிழமைதோறும் மஸ்கட்டிலிருந்து என் மனைவி உலகம்மாளுக்குப் போன் செய்திருக்கிறேன். ஆறு வெள்ளிக்கிழமை. முதல் வாரம், "இப்ப ரோட்டோரமா இருக்கேன், பஸ் சத்தம் கேக்குதா?" என்றாள். அடுத்த வாரம், "தொட்டி பக்கத்துல இருக்கேன்." அதற்கடுத்த வாரம், "இன்னிக்கு நட்டநடுவுல, ஒரு காத்து இல்ல." செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தபடி பேசுகிறாள் என்று நினைத்தேன். "ஒரு எடத்துல நில்லேன் தாயி" என்றுகூடச் சொன்னேன். அவள் சிரித்தாள். "நானா நிக்க மாட்டேங்கேன்?" என்றாள்.

ஏழாவது வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள்: "இனிமே இங்கனதான் போல."

"எங்க?"

"குவாரிப் பக்கம். தூசி கொஞ்சம் சாஸ்தி."

"சன்னலச் சாத்தி வையி" என்றேன். பிறகு ஊரில் மழை உண்டா என்று கேட்டேன். நான் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த வாரம் நடந்ததைத் தவமணி இப்படிச் சொன்னார். நாற்பத்து மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அவர் அழுத்தியபோது திரையில் ஓர் ஆறு வந்தது. இரண்டு கரையிலும் கோதுமை, பின்னால் மலை, பக்கத்தில் மீன் துள்ளுகிற கடல். அத்தனை நாளில் அவருக்கு அப்படி ஓர் இடம் விழுந்ததில்லை. அவர் தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியின் நிழல். உள்ளறையிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தார். பாக்கியத்தாய் தலையணையைத் தலைக்கு வைத்து, மல்லாந்து படுத்து, வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணை முதன்முதலாகப் பார்க்கிற மாப்பிள்ளையைப்போல வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். திரும்பி வந்து கம்ப்யூட்டரை அணைத்தார். பின்பக்கத்து வயரைப் பிடுங்கிச் சுருட்டி, அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அறுபத்து நான்கு வீட்டிலும் பெண்கள் அடுப்பைத் தணித்துவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பதினொன்றரை ஆனது. சீனியம்மாள் வந்து கேட்டாள்.

"என்னண்ணே, இன்னிக்குப் போடலியா?"

"மதர்போர்டு போயிருச்சு தாயி."

"அது வந்தா சரியாயிருமா?"

"அது இனிமே வராது."

அதை யார் யார் நம்பினார்கள் என்பது அவரவர் வீடு அன்றைக்கு நின்ற இடத்தைப் பொறுத்தது என்றார் தவமணி. முதல் மூன்று வரிசைக்காரர்கள் உடனே நம்பி, "பாவம், நல்ல மிசினு" என்றார்கள். நடு வரிசைக்காரர்கள் இரண்டு நாள் யோசித்துப் பிறகு நம்பினார்கள். கடைசி இரண்டு வரிசைக்காரர்கள் தினமும் வந்து வாசலில் நின்றார்கள். ஒரு மாதத்தில் அவர்களும் வரவில்லை. ரப்பர் குழாய் ஐந்தாம் வரிசையில் வெட்டப்பட்டது. மேற்கே சாக்குத்திரை கிழிந்தபோது அந்தப் பக்கத்து வீட்டார் மட்டும் தைத்தார்கள், பிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். கிரஷரை நிறுத்தச் சொல்லிப் போனபோது பதினாறு பேர்தான் போனார்கள், உட்கார்ந்த இடத்திலேயே அவர்கள் மேல் தூசி படிந்ததே தவிர எதுவும் நிற்கவில்லை. கொண்டல்சாமி சிலேட்டை அழித்துவிட்டு வடை விலை எழுதினார். நாய்கள் குரைக்கத் தொடங்கின.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தபோதுதான், எண் எழுதி ஆள் குடியிருக்கிற என் வீட்டை நான் முதல்முறையாகப் பார்த்தேன். கதவில் ஏழு என்று எழுதியிருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே குவாரிப் பள்ளம். பெட்டியைக் கூட இறக்காமல் உலகம்மாளிடம் கேட்டேன்.

"ஏழு தொட்டிப் பக்கமுல்ல?"

"இருந்துச்சு. எல்லாரும் நகந்தோம்லா, அப்ப இங்க வந்துட்டோம். கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

வாரிய அலுவலகத்துக்குப் போனேன். வரைபடம் இல்லை. பழைய குமாஸ்தா மாற்றலாகிப் போயிருந்தார், புதியவர் பொறுமையாகத்தான் பேசினார்: "காண்டிராக்டர் நம்பர் எழுதறப்ப எதிர்ப்பக்கத்துல இருந்து எண்ணியிருப்பார் சார். ஒண்ணு கடைசிக்குப் போயிருக்கும், கடைசி ஒண்ணுக்கு வந்திருக்கும். நெறைய எடத்துல நடக்கறதுதான்." பஸ்ஸில் வருகிறபோது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்படியே எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினால் ஏழு குவாரிப் பக்கம் போகிறது, அறுபத்து நான்கு தொட்டியடிக்கு வருகிறது. சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் வீடுகள் நகரவே இல்லை. ஒரு மேஸ்திரி பெயிண்ட் டப்பாவோடு தப்பான மூலையிலிருந்து நடந்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அப்படியானால் தொட்டி நிழலில் இருந்துகொண்டு பாக்கியத்தாய்க்கு மூன்று மாதம் அந்த இளைப்பு எப்படி வந்தது? உலகம்மாள் எதற்கு ஆறு வெள்ளிக்கிழமை ஆறு இடத்தில் நின்றாள்? ஒரு பதிலைப் பிடித்தால் ஒரு கேள்வி நழுவுகிறது. இப்படியே நான் பஸ்ஸில் காலனி நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்ப நடந்து வந்தேன்.

உலகம்மாளுக்கு இருமல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. நான் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்தபோது மாடு மூச்சுவிடுவதைப்போல விட்டுக்கொண்டிருந்தாள். மதுரையில் ஒரு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கல்லுடைக்கிற வேலையா பாத்தாங்க?" என்று கேட்டார். இல்லை, வீட்டில் இருந்தாள் என்றேன். அதற்கடுத்த தை மாதம் போய்விட்டாள். நாற்பத்திரண்டு வயது. அவள் பதினாறாம் நாளன்று, இலை எடுத்தபிறகு, தவமணி என்னைத் தனியே கூட்டிப்போய் உட்காரவைத்து இவ்வளவையும் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதன்பின் பதினோரு வருடம் அவர் என்னைப் பார்க்கிற போதெல்லாம் இதிலிருந்து ஏதாவது ஒரு துண்டைச் சொல்வார், கோழி வீட்டோடு போனது, பல்லி கையை எடுக்காதது என்று. நான் கேட்டுக்கொள்வேன்.

நான் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். குலுக்கல் நடந்த அன்று, சீட்டை நோட்டில் ஏற்றுமுன், பாக்கியத்தாய் மதினி என்னிடம் வந்தார்கள். முந்தானையை மூக்கில் வைத்திருந்தார்கள்.

"கொழுந்தனாரே, நீங்க வெளிநாடு போறீக. உலகம்மாளுக்கு நோய்நொடி ஒண்ணுமில்ல. எனக்கு இந்த எளைப்பு. சீட்ட மாத்திக்கிடுவமா?"

பின்னால் தவமணி நின்றார். அவர் விரலில் இருந்த சீட்டு விரிந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். அறுபத்து நான்கு என்று நீல மையில் எழுதியிருந்தது. சுவரில் இருந்த வரைபடத்தையும் பார்த்தேன், அறுபத்து நான்கு எங்கே இருக்கிறது என்று. மதினியின் கழுத்துக்குழி உள்ளே போய் வெளியே வந்ததையும் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "விழுந்தது விழுந்ததுதான் மதினி, நம்ம கையிலயா இருக்கு?" என்று சொல்லி ஏழாம் எண் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். உலகம்மாள் பக்கத்தில்தான் இருந்தாள். "குடுத்திருக்கலாம்ல" என்று வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு தடவை சொன்னாள். மறுபடி சொல்லவில்லை.

வீடுகள் நகர்ந்தது உண்மை என்றால், நான் உலகம்மாளுக்குத் தொட்டி நிழலில் ஒரு வீடு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். வேறொருவர் அவளைக் குவாரி வாயில் வைத்துவிட்டார். மேஸ்திரி தப்பாக எண்ணியது உண்மை என்றால், அன்றைக்கு நான் சீட்டை மாற்றியிருந்தால் அவளுக்கு அறுபத்து நான்கு வந்திருக்கும், அது தொட்டியடியில் இருந்திருக்கும், அவள் இன்று இருந்திருப்பாள். முதலாவதை நம்பத்தான் எனக்கு ஆசை. அந்த ஆசையைத்தான் நான் நம்புவதில்லை.

போன மாதம் தவமணி வீட்டுக்குப் போனேன். காலை பத்தரை இருக்கும். குவாரியை மூடி மூன்று வருடமாகிறது, பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது, தூசி இல்லை. வீட்டுக்கு வீடு குழாயும் வந்துவிட்டது. இப்போது காலனியில் எல்லா இடமும் ஒரே இடம்தான். தொட்டி நிழலில் நாற்காலி போட்டு மதினி மல்லி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். "வாங்க கொழுந்தனாரே" என்று, மூச்சு வாங்காமல், எழுந்து போய் டீ போட்டு வந்தார்கள். முன்னறையில் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது, துண்டு போட்டு மூடி. தவமணிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, ஒரு கண்ணில் புரை.

"அது ஓடுமாண்ணே இப்போ?"

"ஓடும். வயரக் குத்துனா ஓடும்."

"எல்லார்ட்டயும் மதர்போர்டு போயிருச்சுன்னீங்க."

"அப்படித்தான் சொன்னேன்." துண்டின் மடிப்பை நீவிவிட்டார். "அந்த ஆத்தங்கரை அப்படியேதான் இருக்கும் பேச்சி, உள்ள. நாலு பேரும் வண்டியும் நிப்பாக. நான் ஒரு கெணறுகூட வெட்டல. நல்ல எடம் கெடச்ச பெறகு என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல."

மதினி வெளியே மல்லியைக் கிளறுகிற சத்தம் கேட்டது. நான் டீயைக் குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தேன். அது என் விரலில் பட்டுக் கொஞ்சம் நகர்ந்தது. அந்த வாசலில் இருந்து பார்த்தால் எட்டு வரிசையும் தெரிகிறது, கடைசி வரிசை வரைக்கும், என் பச்சைக் கதவு வரைக்கும், அதில் ஏழு என்று எழுதியிருப்பது வரைக்கும் தெரிகிறது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பதினோரு வருடமாக நாக்குக்கு அடியில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னிக்கு அத அணைக்கிறதுக்கு முன்னாடி, இந்த வாசல்ல வந்து நின்னு, கடைசி வரிசையில யார் வீடு நிக்குதுன்னு பாத்தீங்களாண்ணே?"